ஒற்றைக் காலில் இறங்கிய சூர்யா

சூர்யா பொனாலி என்று பெயரைச் சொன்னதும் பத்தாம் தரப் பிள்ளைகள் கேட்ட முதல் கேள்வி, "நடிகரா சேர்?" என்பதுதான். இல்லை, பெண். நடிகையும் இல்லை. பிரான்ஸ் நாட்டின் ஃபிகர் ஸ்கேட்டிங் வீராங்கனை. பனித்தரையில் இசைக்கேற்ப வழுக்கி, தாவி, சுழன்று ஆடுகிற விளையாட்டு அது. பனியைக் குளிர்சாதனப் பெட்டியின் மேல்தட்டில் மட்டும் கண்ட எங்களுக்கு அது ரொம்பத் தூரத்து விஷயம். ஆனாலும் இந்தப் பெண்ணின் கதையைப் பல நாளாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். ஸ்டாஃப் ரூமிலும் பேசினோம், வீட்டிலும் பேசினோம், ஒரு ரிலீஃப் பாடவேளையில் பிள்ளைகளோடும் பேசினோம். அதனால்தான் இந்த நீண்ட பதிவு. நேரமில்லாதவர்கள் சேமித்து வைத்து இரவில் வாசியுங்கள்.

சூர்யா 1973 டிசம்பர் 15ஆம் திகதி தெற்கு பிரான்ஸிலுள்ள நீஸ் நகரில் பிறந்தவர். சின்னஞ்சிறு குழந்தையாக இருக்கும்போதே சுசான், ஜோர்ஜ் பொனாலி என்ற தம்பதியினர் அவரைத் தத்தெடுத்தார்கள். பெற்றோர் வெள்ளையர்கள், பிள்ளை கறுப்பு நிறம். சூரியனைக் குறிக்கும் இந்தப் பெயரை வைத்தவர்கள் அவர்கள்தான். சுசான் ஓர் உடற்கல்வி ஆசிரியை. இதைக் கவனித்துக்கொள்ளுங்கள். ஆசிரியை ஒருவரின் வீட்டில் வளர்ந்த பிள்ளை என்பதால்தானோ என்னவோ, எங்களுக்கு அவர்மீது ஒரு தனி ஒட்டுதல்.

சிறுவயதில் சூர்யா ஜிம்னாஸ்டிக்ஸ் பழகினார். அதிலும், ஓடிவந்து அடுத்தடுத்துக் கரணம் போடுகிற டம்ப்ளிங் பிரிவில் சர்வதேசப் போட்டி வரைக்கும் போனவர். பிறகு டிடியே கெயாகே என்ற பயிற்றுநரின் கையில் முழுநேர ஸ்கேட்டிங் வீராங்கனையானார். அந்தக் காலத்தில் இவர் இந்து சமுத்திரத்திலுள்ள ரீயூனியன் தீவில் பிறந்தவர் என்று பத்திரிகைகள் எழுதின. அது பயிற்றுநர் கட்டிய கதை. பிள்ளை நீஸில் பிறந்த பிரெஞ்சுக்காரி. ஆனால் நீஸில் பிறந்தாள் என்று சொன்னால் செய்தியில் சுவாரசியம் இருக்காதாம். ஒரு பிள்ளை எங்கே பிறந்தாள் என்பதைக்கூட மற்றவர்கள் தங்கள் வசதிக்கு ஏற்றபடி எழுதினார்கள். இதுவும் கவனிக்க வேண்டியதுதான்.

இனி, அவர் வென்றவை. 1989 தொடக்கம் 1997 வரை தொடர்ந்து ஒன்பது தடவை பிரான்ஸ் சாம்பியன். 1991இல் உலக ஜூனியர் சாம்பியன். 1991 தொடக்கம் 1995 வரை தொடர்ந்து ஐந்து தடவை ஐரோப்பிய சாம்பியன்: சோஃபியா, லொசான், ஹெல்சிங்கி, கொப்பன்ஹேகன், டோர்ட்மண்ட். உலக சாம்பியன்ஷிப்பில் 1993, 1994, 1995 ஆகிய மூன்று வருடமும் வெள்ளிப் பதக்கம். மூன்று ஒலிம்பிக்: 1992இல் ஐந்தாம் இடம், 1994இல் நான்காம் இடம், 1998இல் பத்தாம் இடம்.

இந்த எண்களைக் கரும்பலகையில் எழுதிவிட்டுப் பிள்ளைகளிடம் கேட்டோம், "என்ன விளங்குது?" பின்வரிசையில் இருந்த ஒரு மகள் சொன்னாள், "ஐரோப்பாவுல முதலாமாள், உலகத்துல எப்பவும் ரெண்டாமாள் சேர்." சரிதான். ஐந்து வருடம் ஒரு கண்டத்தையே வென்றவர், உலகத்தின் முதலாம் படியில் ஒரு தடவைகூட ஏறவில்லை. ஏன் என்பதுதான் கேள்வி.

அதற்கு அன்றைய புள்ளி முறையைக் கொஞ்சம் விளங்கிக்கொள்ள வேண்டும். ஒன்பது நடுவர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். நீண்ட நிகழ்ச்சிக்கு ஒவ்வொருவரும் இரண்டு புள்ளி போடுவார்கள், இரண்டுமே ஆறுக்கு. முதலாவது, தொழில்நுட்பத்துக்கு. எத்தனை தாவல், எத்தனை சுழற்சி, ஒழுங்காக இறங்கினாரா என்பதைப் பார்ப்பது. இரண்டாவது, கலை வெளிப்பாட்டுக்கு. அழகு, இசையோடு இணைதல், நளினம், ஓட்டம் என்பவை அதற்குள் வரும். இரண்டையும் கூட்டி, அந்த நடுவர் யாருக்கு முதலாம் இடம், யாருக்கு இரண்டாம் இடம் கொடுக்கிறார் என்று பார்ப்பார்கள். ஆக, புள்ளியை விடவும் முக்கியம் நடுவர்கள் போட்ட வரிசை. கூடுதலான நடுவர்கள் யாரை முன்னுக்கு வைத்தார்களோ அவர்தான் முன்னுக்கு.

ஆசிரியர்களாகிய எங்களுக்கு இந்தப் படிவம் புதிதல்ல. தமிழ்மொழித் தினப் போட்டிக்கு நடுவராகப் போனவர்கள் எல்லோருக்கும் தெரியும். விடயம், மொழிநடை, உச்சரிப்பு, மெய்ப்பாடு, சபை ஆளுமை என்று கட்டம் கட்டமாக இருக்கும். விடயத்துக்குப் புள்ளி போடுவது லேசு. பிள்ளை சொன்னது சரியா பிழையா என்று எவரும் பார்க்கலாம். "மெய்ப்பாடு" என்ற கட்டத்துக்கு வரும்போதுதான் பேனா கொஞ்சம் நிற்கும். அந்தக் கட்டத்தில் நாங்கள் பிள்ளையை மட்டும் பார்ப்பதில்லை. இதுவரை நாங்கள் அழகு என்று பழகி வைத்திருப்பது எதுவோ, அதற்குப் பக்கத்தில் அந்தப் பிள்ளையை நிறுத்திப் பார்க்கிறோம்.

சூர்யாவுக்கு இரண்டாவது கட்டத்தில்தான் இடித்தது. அவர் கட்டுமஸ்தான உடம்புக்காரர். பலமாக ஓடி, உயரமாகத் தாவுவார். அன்றைய பனித்தரை எதிர்பார்த்தது, மெலிந்த, காற்றில் மிதக்கிற, பாலே நடனக்காரி போன்ற ஒரு பெண்ணை. இவரைப் பற்றி எழுதியவர்கள் "பலம்", "ஜிம்னாஸ்டிக்ஸ்" என்ற சொற்களைத் திரும்பத் திரும்பப் பாவித்தார்கள். கேட்பதற்குப் புகழ்ச்சி போலத்தான் இருக்கும். புள்ளித் தாளில் அது புகழ்ச்சியாக விழவில்லை.

1992 அல்பர்வில் ஒலிம்பிக். சொந்த நாட்டில் நடந்தது. தொடக்க விழாவில் எல்லா வீரர்களின் சார்பிலும் உறுதிமொழி எடுத்தவர் சூர்யாதான். வயது 18. அந்தப் போட்டியில் நான்கு தடவை சுழன்று இறங்கும் டோ லூப் தாவலை முயன்றார். அந்தக் காலத்தில் பெண்கள் மூன்று சுழற்சியோடு நின்றுகொண்ட இடம் அது. கடைசிச் சுற்று வானத்தில் முடியவில்லை, பனியில் கால் பட்ட பிறகே முடிந்தது என்று கணக்கில் எடுக்கப்படவில்லை. முயற்சிக்குப் புள்ளி இல்லை. ஒரு பெண் போட்டியில் நான்கு சுழற்சித் தாவலைச் சரியாக முடித்ததாக ஏற்றுக்கொள்ளப்பட்டது 2002இல்தான், ஜப்பானின் மிக்கி அன்டோ மூலமாக. பத்து வருடம் கழித்து வரவேண்டிய ஒன்றை இந்தப் பிள்ளை முன்னாலேயே தட்டிப் பார்த்திருக்கிறாள்.

1993, ப்ராக். முதலாமிடம் பதினைந்து வயது ஒக்சானா பையூலுக்கு, உக்ரைன். சூர்யா இரண்டாமிடம். 1994 லில்லஹாமர் ஒலிம்பிக்கில் குறுகிய நிகழ்ச்சிக்குப் பிறகு மூன்றாம் இடத்தில் இருந்தவர், நீண்ட நிகழ்ச்சியில் சறுக்கி நான்காவதானார். ஒரு மாதம் கழித்து ஜப்பானின் சிபாவில் உலக சாம்பியன்ஷிப். ஒலிம்பிக்கில் முதல் மூன்று இடம் பிடித்த எவரும் அங்கே வரவில்லை. இந்தத் தடவை முதலாமிடம் நிச்சயம் என்றுதான் சூர்யா நினைத்திருப்பார். ஒன்பது நடுவர்களில் நால்வர் அவருக்கு, ஐவர் ஜப்பானின் யூக்கா சாட்டோவுக்கு. நடுவில் நின்றது ஒரே ஒரு பேனா.

பதக்கம் கொடுக்கும்போது சூர்யா மேடையில் ஏறவில்லை. மேடைக்குப் பக்கத்தில் தரையிலேயே நின்றார். பிறகு ஏற வைத்தார்கள். கழுத்தில் வெள்ளிப் பதக்கத்தைப் போட்டதும் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. சபையில் கூச்சல்.

வீடியோவை இந்த இடத்தில் நிறுத்திவிட்டு வகுப்பைப் பார்த்தோம். பாதிப் பிள்ளைகள் "சரியாத்தான் செஞ்சா" என்றார்கள். மற்றப் பாதி "மரியாதை இல்ல" என்றார்கள். நல்ல சண்டை. இரண்டு பக்கத்தையும் பேச விட்டோம்.

யூக்கா சாட்டோ பற்றியும் சொல்ல வேண்டும் அல்லவா? அவரும் ஏமாற்றி வென்றவர் அல்ல. அவருடைய தகப்பன் நொபுவோ சாட்டோ முன்னாள் ஒலிம்பிக் வீரர், மகளுக்கும் அவரே பயிற்றுநர். காலிலுள்ள தகட்டின் விளிம்பில் சாய்ந்து, சத்தமே இல்லாமல், வேகம் குறையாமல் வழுக்கிப் போவதில் யூக்கா பெரிய கெட்டிக்காரி. ஸ்கேட்டிங் தெரிந்தவர்கள் இன்றும் அதை மெச்சுவார்கள். சூர்யா அந்த இடத்தில் பலவீனம்தான். தாவலுக்கு முன்னால் நீண்ட ஓட்டம் எடுப்பார், அசைவுகளுக்கு இடையில் இணைப்புக் குறைவு, சில தாவல்கள் முழுச் சுற்று முடியாமலே இறங்கும். இதெல்லாம் உண்மை. கறுப்பினப் பெண் என்பதற்காக மட்டும் தோற்கடித்தார்கள் என்று ஒரே வரியில் முடிக்கவும் ஏலாது. 1986இல் அமெரிக்காவின் டெபி தோமஸ், அவரும் கறுப்பினப் பெண், இதே முறையின் கீழ் உலக சாம்பியனானவர்.

அப்படியென்றால் நிறத்துக்கு ஒரு பங்கும் இல்லையா? அதையும் எங்களால் சொல்ல முடியாது. கலை வெளிப்பாடு என்ற கட்டத்தின் வசதியே அதுதான். அதற்குள் நியாயமான குறையையும் போடலாம், வேறு எதையும் போடலாம். வெளியில் இருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே மாதிரித்தான் தெரியும், 5.7 என்று. புள்ளி வாங்கிய பிள்ளைக்கும் அப்படித்தான். எந்தக் குறைக்காகக் குறைத்தார்கள் என்று தெரியாததால் எதைத் திருத்துவது என்றும் தெரியாது. எல்லாவற்றையும் சந்தேகிக்கத் தொடங்கும். கடைசியில் தன்னையே சந்தேகிக்கும்.

சில வருடங்களுக்கு முன்னால் எங்கள் பாடசாலைப் பிள்ளை ஒருத்தி மேல்மட்டப் பேச்சுப் போட்டி ஒன்றுக்குப் போனாள். எந்தப் போட்டி, எந்த இடம் என்பதெல்லாம் வேண்டாம். மனனம் செய்து ஒப்பிக்காமல், தானே யோசித்து எழுதிப் பேசுகிற பிள்ளை. சபை எழும்பிக் கை தட்டியது. இடம் கிடைக்கவில்லை. உச்சரிப்பில் புள்ளி குறைந்துவிட்டது என்று மட்டும் காதில் விழுந்தது. எந்தச் சொல், எந்த எழுத்து என்று கேட்டதற்குப் பதில் இல்லை. வேனில் திரும்பி வரும்போது பிள்ளை கேட்டாள்: "சேர், நான் சொன்னது பிழையா, நாங்க கதைக்கிற மாதிரியே பிழையா?"

ழகரம் பிழைத்தால் திருத்தலாம். மூச்சு விடும் இடம் பிழைத்தால் திருத்தலாம். உம்மாவிடமும் உம்மம்மாவிடமும் கேட்டு வளர்ந்த ஓசையே பிழை என்றால் அந்தப் பிள்ளை எங்கே போய்த் திருத்துவது? ழகரத்தைத் திருத்துவோம் மகள், மற்றதை விட்டுவிடுவோம் என்று சொன்னோம். இரண்டு மாதம் அப்படியே செய்தோம். அவள் அடுத்த வருடமும் மேடை ஏறினாள். இப்போது பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். ஆனால் வேனில் கேட்ட கேள்வி எங்களோடு தங்கிவிட்டது. சூர்யாவின் வீடியோவைப் பார்க்கும்போது எங்களுக்கு அந்தக் குரல்தான் கேட்கிறது.

அதற்காக சிபா மேடையில் சூர்யா நடந்துகொண்ட விதத்தை முழுக்க நியாயப்படுத்தவும் எங்களுக்கு மனம் வரவில்லை. அது யூக்காவின் நாள். சொந்த மண்ணில், தகப்பனின் கண் முன்னால் வென்ற நாள். நடுவரோடு உள்ள வழக்கை, பக்கத்தில் நிற்கிற இன்னொரு போட்டியாளரின் நாளில் தீர்த்தது சரியில்லை. வகுப்பில் இதைச் சொன்னபோது, "அப்ப வேற எந்த நாள்ல சேர் கேக்கிறது?" என்று ஒரு மகன் கேட்டான். நல்ல கேள்வி. மேன்முறையீடு செய்ய இடமில்லாத முறையில், வழக்குப் பேசக் கிடைத்த ஒரே மேடை அந்தப் பதக்க மேடைதான்.

1995 பேர்மிங்ஹாமில் மறுபடியும் வெள்ளி, இம்முறை சீனாவின் சென் லூவுக்குப் பின்னால். 1996இல் ஐரோப்பியப் பட்டமும் ரஷ்யாவின் இரீனா ஸ்லுட்ஸ்காயாவிடம் போனது. அதே வருடம் மே மாதம் குதிகாலுக்கு மேலேயுள்ள அக்கிலிஸ் தசைநாண் அறுந்தது. தாவியே வாழ்கிற ஒருவருக்கு அதைவிடப் பெரிய அடி இல்லை. மறு வருடம் பாரிஸில், சொந்த ரசிகர்கள் முன்னால், ஐரோப்பியப் போட்டியில் ஒன்பதாம் இடம். வேறு யாராக இருந்தாலும் அத்தோடு சப்பாத்தைக் கழற்றியிருப்பார்கள்.

அவர் 1998 நாகானோ ஒலிம்பிக்குக்குப் போனார். வயது 24. குறுகிய நிகழ்ச்சியில் ஆறாம் இடம். நீண்ட நிகழ்ச்சியில் தாவலில் விழுந்தார். கால் வலி. பதக்கம் இனி இல்லை என்பது பனித்தரையிலேயே தெரிந்துவிட்டது. நிகழ்ச்சி முடிவதற்குக் கொஞ்சம் முன்னால், பின்பக்கமாக வழுக்கி வந்தவர், அப்படியே மேலே எழும்பிப் பின்குட்டிக்கரணம் போட்டு, ஒற்றைக் காலில் இறங்கினார்.

பின்குட்டிக்கரணம் தடைசெய்யப்பட்ட ஒன்று. 1976 இன்ஸ்புருக் ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் டெரி குபிக்கா செய்து காட்டிய பிறகு சர்வதேச ஸ்கேட்டிங் சங்கம் அதைத் தடுத்துவிட்டது. ஆபத்தானது என்பது ஒரு காரணம். ஸ்கேட்டிங்கில் தாவினால் ஒற்றைக் காலில் இறங்க வேண்டும், இது இரண்டு காலில் இறங்குவது என்பது மற்றக் காரணம். சூர்யா பயிற்சியிலும் கண்காட்சி ஆட்டங்களிலும் பல வருடம் செய்துவந்த வித்தைதான் இது. நாகானோவில் ஒற்றைக் காலில் இறங்கியதன் மூலம் அந்த இரண்டாவது காரணத்துக்குக் காலாலேயே பதில் சொன்னார். ஒலிம்பிக்கில் அதற்கு முன் எவரும் அப்படி இறங்கியதில்லை.

புள்ளி வெட்டப்படும் என்று தெரிந்தே செய்தார். நிகழ்ச்சி முடிந்ததும் நடுவர்களுக்கு முதுகைக் காட்டி நின்று சபைக்கு வணக்கம் சொன்னார். சபை ஆர்ப்பரித்தது. பத்தாம் இடம். அத்தோடு போட்டிகளை விட்டு வெளியேறினார். தங்கம் வென்ற டாரா லிப்பின்ஸ்கியின் பெயர் எங்கள் வகுப்பில் ஒருவருக்கும் தெரியாது. இந்தக் கரணத்தை மட்டும் நான்கைந்து பிள்ளைகள் ஏற்கெனவே ஃபோனில் பார்த்திருந்தார்கள், யார் என்று தெரியாமலே.

பிறகு நடந்ததையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். 2002 சால்ட் லேக் சிட்டி ஒலிம்பிக்கில் ஜோடிகள் பிரிவில் புள்ளி ஊழல் வெடித்தது. பிரெஞ்சு நடுவர் ஒருவர் மீது அழுத்தம் கொடுக்கப்பட்டது என்ற விவகாரம் அது. அந்த நடுவரோடு சேர்த்து, பிரெஞ்சு ஸ்கேட்டிங் சம்மேளனத் தலைவருக்கும் மூன்று வருடத் தடை விதிக்கப்பட்டது. அந்தத் தலைவர் வேறு யாருமல்ல, சூர்யாவின் பழைய பயிற்றுநர் டிடியே கெயாகேதான். அதன் பிறகுதான் ஆறு புள்ளி முறை தூக்கி எறியப்பட்டு, ஒவ்வொரு தாவலுக்கும் தனித்தனிப் பெறுமதி போடுகிற புதிய முறை வந்தது. எந்தத் தாவலுக்கு எத்தனை கிடைத்தது, எங்கே குறைந்தது என்று இப்போது போட்டியாளர் தாளில் பார்க்கலாம். இந்த முறையிலும் குறை உண்டு. ஆனால் கேட்பதற்கு ஒரு தாளாவது இருக்கிறது.

2024 ஜனவரியில் பிரான்ஸின் அடம் சியாவ் ஹிம் ஃபா ஐரோப்பியப் போட்டியில் பின்குட்டிக்கரணம் போட்டார். இரண்டு புள்ளி வெட்டினார்கள், ஆனாலும் தங்கம் வென்றார். மார்ச்சில் மொன்றியல் உலக சாம்பியன்ஷிப்பில் பத்தொன்பதாம் இடத்தில் கிடந்தவர், நீண்ட நிகழ்ச்சியில் மறுபடியும் கரணம் போட்டு, வெண்கலத்துக்கு ஏறினார். அதே வருடம் ஜூனில் சர்வதேச சங்கம் தடையை நீக்கிவிட்டது. 1998இல் குற்றமாக இருந்தது இப்போது அனுமதிக்கப்பட்ட அசைவு. சூர்யாவின் பத்தாம் இடம் மட்டும் பதிவேட்டில் பத்தாம் இடமாகவே இருக்கிறது. விதி மாறினால் பழைய புள்ளித் தாள் மாறுவதில்லை.

சூர்யா அமெரிக்காவுக்குப் போய், வருடக்கணக்காகத் தொழில்முறை ஆட்டங்களில் அதே கரணத்தைப் போட்டுச் சம்பாதித்தார். 2004இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றார். பிறகு மினசோட்டாவில் பிள்ளைகளுக்கு ஸ்கேட்டிங் படிப்பித்தார். உம்மா ஆசிரியை, மகளும் ஆசிரியை. பதிவேட்டில் இல்லாத இந்த வரிதான் எங்களுக்கு அதிகம் பிடித்தது.

அடுத்த தவணையில் மறுபடியும் போட்டிகள் தொடங்கும். எங்களில் பலர் நடுவர் கதிரையில் உட்காருவோம். இன்னும் பலர் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாசலில் நிற்போம். இரண்டு தரப்புக்கும் ஒரே வேண்டுகோள்தான். நடுவர்களே, "மெய்ப்பாடு" என்ற கட்டத்தில் ஒரு புள்ளி குறைத்தால் எதற்குக் குறைத்தீர்கள் என்று பக்கத்தில் ஒரு சொல் எழுதுங்கள். எழுத வராவிட்டால் அந்தப் புள்ளியைக் குறைக்காதீர்கள். ஆசிரியர்களே, பெற்றோர்களே, அந்தத் தாளைக் கேட்டு வாங்குங்கள். அதில் எழுதியிருக்கும் குறை உண்மையானால் பிள்ளையோடு உட்கார்ந்து திருத்துங்கள். ஒன்றுமே எழுதியிருக்காவிட்டால், குறை உன்னிடம் இல்லை மகள் என்று, வேன் வீட்டுக்கு வந்து சேருவதற்கு முன்னால் சொல்லிவிடுங்கள்.